அம்மாக்கள் மிதித்துக் கொடுத்த கோர்ட்

முப்பத்திரண்டுக்குப் பூஜ்யம். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நன்றாக இருக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி கொடுத்த எட்டுப் பெண்கள் வேறொரு பள்ளியின் மண் கோர்ட்டில் ஆடிய முதல் மேட்சில் எங்கள் கணக்கில் ஒரு புள்ளி கூட ஏறவில்லை. நாங்கள் எறிந்ததில் ரிங்கைத் தொட்ட பந்தே இரண்டுதான். அதில் ஒன்று எங்கள் பக்கத்து ரிங்.

எட்டுப் பேரும் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய பள்ளி. பாதிப் பேரின் அம்மாக்கள் அளத்து வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். நானும் அதே பள்ளியில் படித்தவள்தான். பிறகு புதுச்சேரியில் கல்லூரி, கல்லூரி அணியில் மூன்று வருடம் ஆட்டம், இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சாவி கொடுத்துச் சாவி வாங்க வேண்டும். எனக்கு உட்காரத்தான் வராது.

ஒரு நாள் சென்னைக்காரர் ஒருவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனபோது கட்டிலுக்கு அடியில் ஒரு கூடைப்பந்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். போன் செய்தேன். "அத எதுக்குங்க நான் திரும்பி வந்து எடுக்கணும்? பசங்க யாருக்காவது குடுத்துடுங்க" என்றார். பந்து கிடைத்துவிட்டது, பசங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமையே ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு என் பழைய பள்ளிக்குப் போய் நின்றேன். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அடிப்படைகள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். மற்றவர்கள் தூரத்திலிருந்து எறிந்து கைதட்டு வாங்க ஆசைப்படுவார்கள். எனக்கு, குனியாமல், பந்தைப் பார்க்காமல், விரல் நுனியால் தட்டிக்கொண்டே நடக்கிற பிள்ளையைப் பார்த்தால் போதும், வயிறு நிறைந்துவிடும். தட்டுவது, கொடுப்பது, வாங்குவது, ஒரு காலை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு மறு காலால் சுற்றுவது, எதிராளியை மறித்துப் பக்கவாட்டில் நகர்வது. இந்த ஐந்தும் வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்பது என் கட்சி.

பள்ளி மைதானமோ கடற்கரை மணல். பந்தைத் தட்டினால் தலையணையைப் போட்ட மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இருந்தும் மூன்று மாதம் நான் விடவில்லை. கையை இப்படி வை, மணிக்கட்டை இப்படி மடக்கு என்று காற்றில் தட்டிக் காட்டினேன். அவர்களும் காற்றில் தட்டினார்கள். கரும்பலகையில் நீச்சல் சொல்லிக்கொடுத்த மாதிரி. அதன் பலன்தான் முப்பத்திரண்டுக்குப் பூஜ்யம்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். எனக்கும் கணக்குப் பாடம் எடுத்தவர். அவர் முன்னால் நின்றால் இப்போதும் என் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்கிறது.

"ஒரு மார்க் கூட வாங்காம வர்ற புள்ளைங்கள நான் பாத்ததே இல்ல" என்றார். "வெறும் பேர எழுதி வெச்சாலே நாங்க ஒரு மார்க் போட்டுடுவோமே."

"மேடம், இது பேஸ்கட்பால் மேடம்."

"அதத்தான் சொல்றேன். அடுத்த வருஷம் ஒரு பாயிண்டாவது எடுத்துட்டு வாங்க. இல்லன்னா அந்தக் கம்பத்தப் புடுங்கிட்டு த்ரோபால் நெட் கட்டிடுவேன். அதுல இவங்க நல்லாதான் ஆடறாங்க. சும்மா வெயில்ல அலைய விட்டா பெத்தவங்க என்னத்தான் கேப்பாங்க."

அந்தக் கம்பம் நாங்கள் ஆளாளுக்குக் கெஞ்சி வாங்கியது. வெல்டிங் கடைக்காரரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று ரிங்கை வளைத்து வாங்கினேன். அதைப் பிடுங்கிவிட்டால் எனக்கு அந்தப் பள்ளியில் வேலையில்லை. பிள்ளைகளுக்கோ, ஊரில் வேறு எங்கும் ரிங்கே இல்லை.

வெளியே வந்தால் ஜன்னலுக்குக் கீழே எட்டுப் பேரும் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது. முதலில் எழுந்தது கேப்டன். குப்பத்துப் பிள்ளை, ஆளில் எல்லோருக்கும் சின்னவள், குரலில் எல்லோருக்கும் பெரியவள். கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவருக்குக் கேட்கும்.

"ஒண்ணு போதுமாக்கா? ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணு."

"அவ்ளோதானே. நானே பயந்துட்டேன். முப்பத்திமூணு கேக்கறாங்களோன்னு நெனச்சேன்."

அதன் பிறகு அக்டோபர் வந்தது, மழை வந்தது. மைதானம் குளம். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற உப்புப் பாத்திகளிலும் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, வரப்புகள் மட்டும் தண்ணீருக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நிற்கும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கூட விட மனசில்லை. பாத்திக்கு இந்தப் பக்க வரப்பில் நான்கு பேர், அந்தப் பக்க வரப்பில் நான்கு பேர். நடுவே தண்ணீருக்கு மேலாகப் பந்து போய்வர வேண்டும். கீழே விட்டால், விட்டவள் இறங்கி எடுக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

வரப்பு ஓரடி அகலம் கூட இருக்காது. பந்து வருகிற பக்கம் ஓட முடியாது, பின்னால் போக முடியாது. நின்ற இடத்தில் இடுப்பைத் திருப்பி, கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். எறிகிறவளும் நெஞ்சுக்கு நேராக எறிய வேண்டும். இல்லையென்றால் எதிர் வரப்பில் இருந்து வசவு வரும்.

"ஏய், கண்ணு தெரியலயாடி ஒனக்கு? நான் இங்க நிக்கறேன், நீ கூழக்கடாவுக்குப் போடற!"

"நீ குட்டையா இருந்தா நான் இன்னாடி பண்ணுவேன்? கொஞ்சம் வளந்துட்டு வா!"

சேறு நாறும். தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். பந்தைக் குழாயடியில் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துப்போனது. இரண்டரை மாதம் இதேதான். நவம்பர் முடிவதற்குள் யாரும் தண்ணீரில் இறங்குவதே இல்லை என்கிற நிலை. நான் அதைக் கவனிக்கவும் செய்தேன், கவனித்துவிட்டு விட்டும்விட்டேன். என் மனசு முழுக்கத் தரையில் இருந்தது. இது மழைக்காலத்து டைம்பாஸ், தட்டி ஆடக் கற்றுக்கொண்டால்தான் ஆட்டம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களிடமும் சொன்னேன். ஒரு முறை இல்லை, நாற்பது முறை.

ஜனவரியில் தண்ணீர் வடிந்ததும் அளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாத்தியின் அடிமண்ணை நன்றாக மிதித்து இறுக்கிவிட்டால்தான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், உப்பும் மண் கலக்காமல் வெள்ளையாக விளையும். அதற்குக் கால்தான் கருவி. நாள் கணக்கில் மிதிப்பார்கள். எங்கள் அணியில் ஒரு நெட்டைப் பெண் உண்டு. வாயே திறக்க மாட்டாள், கேப்டன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அந்த நெட்டையின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் அளத்துப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தினேன். மிதித்து முடித்த பாத்தி ஒன்று வெயிலில் காய்ந்து கிடந்தது. கையில் பந்து. சும்மா இருக்க முடியுமா? தட்டிப் பார்த்தேன்.

பந்து எழும்பியது.

இடுப்பு வரைக்கும் எழும்பியது! நான் அங்கேயே தட்டிக்கொண்டே ஒரு சுற்று ஓடினேன். "ஏம்மா, ஏம்மா! மிதிச்ச பாத்திம்மா அது! குழி பண்ணாத!" என்று நான்கு பக்கமிருந்தும் கத்தினார்கள். நான் நெட்டையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஸ்கூல்ல எங்களுக்கு இதே மாரி ஒண்ணு மிதிச்சுக் குடுங்கக்கா."

"இன்னாத்துக்கு?"

"பந்து எழும்பறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க தண்ணி நிக்கறதுக்குத்தான் மிதிப்போம். பந்து நிக்கறதுக்கு யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நீங்கள்லாம் வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டார். எனக்கு அதுதான் பதில்.

வாய்க்காலில் தூர் வாரிக் கரையில் போட்டிருந்த களிமண்ணை மேஸ்திரி எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரோ ஒரு பிள்ளையின் மாமா டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் பதினோரு அம்மாக்கள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் நல்ல புடவையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்தார்.

"இங்க உப்பு வெளைய வெக்கப் போறீங்களா?"

"இல்லீங்க டீச்சர்" என்றார் நெட்டையின் அம்மா. "பாயிண்டு."

மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பதினோரு பேரும் தோளோடு தோள் வரிசையாக நின்றார்கள். குதிகால் முதலில் இறங்குகிறது, பிறகு பாதம். அரை அடி பக்கவாட்டில். மறுபடி குதிகால், மறுபடி பாதம். ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டிப் போவதே இல்லை, போனால் ஈரக் களியில் வழுக்கிவிடும். முழங்கால் கொஞ்சம் மடங்கி, இடுப்பு இறங்கி, வரிசை முழுக்க ஒரே ஆளைப் போல நகர்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிராளியை மறித்து நகர்வதற்கு நான் ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். "காலக் குறுக்க போடாத! இடுப்ப எறக்கு! பக்கத்துல போ, பக்கத்துல!" ஒருத்திக்கும் வரவில்லை.

"ஏய், எல்லாரும் அம்மாங்க பக்கத்துல போய் நில்லுங்க" என்றேன்.

எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் புகுந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வழுக்கியது. கேப்டன் இரண்டு முறை உட்கார்ந்தே விட்டாள்.

"மீன் புடிக்கற வூட்டுப் பொண்ணுக்குத் தரையில நிக்கத் தெரியல பாரு" என்று ஒரு அம்மா சிரித்தார்.

"எங்க அப்பாவ ஒரு நாள் நீங்க போட்ல நிக்க வெச்சுப் பாருங்க, அப்ப தெரியும்" என்று சேற்றில் உட்கார்ந்தபடியே கேப்டன் பதில் கொடுத்தாள்.

"ஒங்கப்பா போட்லயே தாண்டி நிக்கறாரு!"

"அதான் சொல்றேன்! நீங்க நிக்க முடியுமா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை மிதித்தோம். நடுவில் ஒரு அம்மா எலுமிச்சைச் சாறு கலந்துகொண்டு வந்தார். அதில் உப்பு அதிகம். அளத்து வீட்டுச் சாறு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் அவரை ஓட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு முடிந்தபோது ரிங்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில், தட்டினால் டம் என்று கேட்கிற ஒரு தரை கிடந்தது. எட்டுப் பேருக்கும் பக்கவாட்டு நகர்வு வந்துவிட்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து ஜூலை வரைக்கும் தட்டல், தட்டல், தட்டல். சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் கூடுதலாக இரண்டு ரப்பர் பந்து சேர்ந்திருந்தது. களிமண் தரை பந்தின் வேகத்தில் பாதியைக் குடித்துவிடும், அதனால் பலமாக அடித்தால்தான் கைக்குத் திரும்பி வரும்.

"அடி! இன்னும் அடி! கோவமா அடி!"

"யார் மேலக்கா கோவம்?"

"ஒனக்கு யார் மேல இருக்கோ அவங்க மேல."

"அப்ப நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஜூன் மாதத்துக்குள் அவர்கள் தட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்து, கண் முன்னால், தோளிலிருந்து இறங்குகிற அடி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெஸ்ட் ஹவுஸில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். துண்டு கேட்டு வந்தவரிடம் கூட என் பிள்ளைகளின் இடது கைத் தட்டலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

மேட்ச் ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை. குயிலாப்பாளையத்துப் பக்கம் ஒரு பள்ளி மைதானம், எதிரணியும் அந்தப் பள்ளிதான். வழவழவென்ற சிமென்ட் கோர்ட். மரக்காணத்திலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் போனோம். துணைக்கு நெட்டையின் அம்மா, அன்றைக்கு அளத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோற்றோடு.

விசில் அடித்தார்கள். பந்து கேப்டன் கைக்கு வந்தது. ஆறு மாதம் பழகிய அதே அடி, தோளிலிருந்து, கோபமாக. பந்து சிமென்டில் பட்டு நேராக மேலே வந்து அவள் முகவாயில் மோதியது. அப்படியே தலைக்கு மேல் போய் எதிரணிப் பெண்ணின் கையில் விழுந்தது. அவள் ஓடிப்போய்க் கூடை போட்டுவிட்டாள்.

சரி, பதற்றம் என்று நினைத்தேன். அடுத்தது நெட்டை. அடித்தாள். பந்து அவள் தலையையும் தாண்டி எழும்பியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரணியில் கொல்லென்று சிரிப்பு. மூன்றாவது பிள்ளை அடித்த பந்து முழங்காலில் பட்டு வெளியே போய் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன், உட்காரவே வராத நான். களிமண் தரை குடித்துக்கொள்கிற பாதி வேகத்தைச் சிமென்ட் அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துத் தட்டல் சொல்லிக்கொடுக்கவில்லை, களிமண் தட்டல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதில் வெட்கம் என்னவென்றால், வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்ததும் நான் அதே சிமென்ட் கோர்ட்டில்தான் ஆடுகிறேன். இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் என் கை தானாக மாற்றிக்கொண்டுவிடும். கை மாற்றிக்கொண்டதை நான் கவனிக்கவே இல்லை. அவர்களை ஒரே ஒரு நாள் இங்கே கூட்டி வந்து தட்ட விட்டிருந்தால் போதும். தோன்றவில்லை.

இடைவேளை. பதினாலுக்குப் பூஜ்யம்.

சிமென்ட் ஓரத்தில் வட்டமாக நின்றோம். கேப்டன் முகவாய் சிவந்து வீங்கியிருந்தது. எல்லார் கண்ணும் என் வாயில். எனக்குக் கண் முன்னால் பிடுங்கிப் போட்ட கம்பம் தெரிகிறது. தப்பு என்னுடையது, நான்தான் சரி செய்ய வேண்டும். படபடவென்று ஆரம்பித்தேன்.

"பாருங்க, தப்பு எம்மேலதான். இந்தத் தரை வேற. தோள்ல இருந்து அடிக்காதீங்க. மணிக்கட்டால மட்டும், மெதுவா, மாவு தட்டற மாரி..."

"அக்கா" என்றாள் கேப்டன்.

"இரு. விரல விரிச்சு..."

"அக்கா, ரெண்டு நிமிசத்துல அது வராதுக்கா. ஆறு மாசம் ஆச்சு இது வர்றதுக்கு."

விரித்துக் காட்டிய விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"நாம பந்தத் தரையிலயே போடாம ஆடலாமா? ரூல் இருக்குதா தட்டியே ஆவணும்னு?"

"இல்ல."

"அப்ப வரப்புல ஆடற மாரி ஆடிக்கலாம்க்கா. இது எல்லாம் தண்ணின்னு நெனச்சுக்கலாம்."

"வுட்டவ எறங்கி எடுக்கணும்" என்றாள் நெட்டை. அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்து, பிறகு சிரித்தார்கள். இடைவேளையில் பதினாலுக்குப் பூஜ்யத்தில் நிற்கிற அணி அப்படிச் சிரித்ததை எதிரணிக் கோச் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மழைக்கால டைம்பாஸ் என்று நாற்பது முறை சொன்ன வாயால் நான் என்ன சொல்ல முடியும்? "ஆடுங்க" என்றேன்.

இரண்டாம் பாதியில் பந்து தரையைத் தொடவே இல்லை. வாங்கினார்கள், ஒரு காலை ஊன்றிச் சுற்றினார்கள், கொடுத்தார்கள். நெஞ்சுக்கு நேராக, தலைக்கு மேலாக, இடுப்புக்குப் பக்கமாக. குட்டையாக வந்ததையும், சாய்ந்து வந்ததையும், விரல் நுனியில் வந்ததையும் பிடித்தார்கள். ஓரடி வரப்பில் நின்று பிடித்தவர்களுக்கு இவ்வளவு அகலமான இடத்தில் பிடிப்பது ஒரு வேலையா? எதிரணிப் பெண்கள் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஓடி ஓடி மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். நான் பாஸ்களை வாய்விட்டு எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது!

பந்து எதிரணி கைக்குப் போனதும் நெட்டையின் அம்மா எழுந்து கோட்டோரம் வந்துவிட்டார்.

"மிதி! மிதிடி! மிதிச்சுக்கினே போ!"

எதிரணிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கோபமாக எழுந்தார். "என்னங்க இது, பசங்க கால மிதிக்கச் சொல்லித் தர்றீங்க?"

"அய்யோ, காலு இல்லீங்க சார், பாத்தி!"

நடுவர் வந்தார். நான் ஓடிப்போய் விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குக் குழப்பம் அதிகமானது. கடைசியில் "யாரும் யாரையும் மிதிக்கக் கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பிள்ளைகள் மிதித்துக்கொண்டேதான் இருந்தார்கள். குதிகால், பாதம், அரை அடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒருத்தி. எதிரணியால் முன்போல் நுழைய முடியவில்லை.

பதினெட்டுக்குப் பூஜ்யம் இருந்தபோது, பத்தாவது பாஸ் ரிங்குக்குக் கீழே நெட்டைக்கு வந்தது. எகிறினாள். பின்னாலிருந்து ஒரு பெண் கையில் அடித்துவிட்டாள். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ.

கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், இரண்டு முறை எறியலாம். ஒரு முறை விழுந்தால் ஒரு புள்ளி. எங்களுக்கு வேண்டியதும் ஒன்றுதான். எல்லோருக்கும் அது தெரியும். கேப்டன் வாய் கூட மூடிவிட்டது.

நெட்டை எறிவதற்கு முன்னால் எப்போதும் மூன்று முறை தட்டுவாள். நான்தான் பழக்கியது, தட்டினால் கை இளகும், மனசு நிற்கும். பந்தை வாங்கினாள். கை தட்டுவதற்காக உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. தரையைப் பார்த்தாள். பிறகு தட்டாமலேயே எறிந்தாள். பந்து ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பிவிட்டது.

"போச்சா?" என்று நெட்டையின் அம்மா என் காதருகே கேட்டார்.

"இன்னொண்ணு இருக்குதுக்கா."

"ஒண்ணு போதும்ல? ஒங்க டீச்சர் ஒண்ணுதான கேட்டாங்க?"

"ஒண்ணு போதும்."

இரண்டாவது முறை நெட்டை பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கால் மட்டும் அசைந்தது. குதிகால், பாதம். குதிகால், பாதம். குதிகால், பாதம். நின்ற இடத்திலேயே மூன்று மிதி. பிறகு எறிந்தாள். பந்து விளிம்பில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகள் சொல்வது, நான் புளிச்சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடினேனாம், நடுவர் விசில் அடித்து வெளியே அனுப்பினாராம். அம்மா கைதட்டவே இல்லை. "அவ்ளோதானே, வாங்க போவலாம்" என்று பையை எடுத்துவிட்டார். இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று உட்கார வைத்தோம்.

ஒன்று விழுந்தது, பயம் போனது. அதற்கப்புறம் மூன்று கூடை போட்டார்கள். அதில் ஒன்று கேப்டனுடையது, வீங்கின முகவாயோடு. முடிவில் இருபத்திரண்டுக்கு ஏழு. தோல்விதான். பஸ்ஸில் யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

"மொத பாதிய வுட்டுடுங்க" என்று கேப்டன் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது பாதி எட்டுக்கு ஏழு. ஒரு பாயிண்ட்லதான் போச்சு."

"இன்னா ஆட்டம்மா அது?" என்றார் கண்டக்டர்.

"வரப்பு பேஸ்கட்பால்."

திங்கட்கிழமை ஸ்கோர் தாளை மேசையில் வைத்தேன். தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுதானே கேட்டேன்" என்றார்.

"மிச்சத்த அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலாமா மேடம்?"

முகத்தில் சிரிப்பைக் காட்டவில்லை. டிராயரைத் திறந்தார், த்ரோபால் நெட்டுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். "இனிமே எல்லா மேட்சுக்கும் இதுல எழுதுங்க, ஃபைல்ல வெக்கணும்" என்று என்னிடம் நீட்டினார். கம்பம் நின்றது.

ஆனால் கேப்டனுக்கு அது போதவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, ஊர்ல சிமென்ட் தரை எங்க இருக்குதுன்னு நீங்க யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். கல்யாண மண்டபத்துல கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க."

"எங்க குப்பத்துல மீன் ஏலம் வுடற ஷெட்டு இருக்குதே. காலைல ஒம்போது மணிக்கு ஏலம் முடிஞ்சா சாயங்காலம் வரைக்கும் சும்மாதான் கெடக்குது. பேசிட்டேன். கழுவி வுடறது மட்டும் நம்ம பொறுப்பாம்."

இப்போது சனிக்கிழமை களிமண்ணில் ரிங், ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்தில் தட்டல். முதலில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். ஏலம் எடுக்க வந்து போகாமல் தங்கிவிடுகிற இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். "மெதுவாம்மா, மெதுவா, வஞ்சிரத்துக்கு வலிக்கப் போவுது" என்பார்கள். மணிக்கட்டால் மட்டும், மாவு தட்டுகிற மாதிரி. மூன்றாவது வாரத்திலேயே நெட்டைக்கு வந்துவிட்டது. கேப்டனுக்கு இன்னும் தோள் இறங்கவில்லை. பந்து அவ்வப்போது தகரக் கூரையில் போய் முட்டுகிறது.

எவ்வளவு கழுவினாலும் தரையில் செதில் மிச்சமிருக்கிறது. பந்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும்போது மினுங்குகிறது. நாலரை மணிக்குக் கடற்காற்று உள்ளே வந்ததும் நிறுத்திக்கொள்கிறோம். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் பூனைகள் பின்னாலேயே வருகின்றன.